வெள்ளி அடைப்பா, லைட் க்யூரா, இல்லை இருப்பதை அப்படியே விட்டுவிடலாமா?

என் பெரியம்மாவுக்கு 67 வயது. கடைவாய்ப் பல் மூன்றில் வெள்ளி அடைத்திருக்கிறார், மூன்றுமே தொண்ணூறுகளில் கும்பகோணத்தில் அடைத்தவை. போன மாதம் முன்பல் கூசுகிறது என்று ஒரு புது கிளினிக்குக்குப் போனவரிடம், "இந்த மூணும் பாதரசம்மா, எடுத்துட்டு லைட் க்யூர் போட்டுடலாம்" (விளக்கொளி காட்டி இறுக்கும் பல் நிற அடைப்பு) என்று சொல்லி எஸ்டிமேட்டையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் போன் எனக்கு. "ஏன்டா, முப்பது வருஷமா பாதரசத்தையா முழுங்கிக்கிட்டிருக்கேன்?"

அதே வாரம் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் தம்பி நேர் எதிரான சிக்கலோடு வந்தார். கீழ்க் கடைவாயில் பெரிய சொத்தை. அவர் பார்த்த டாக்டர் அனுபவமுள்ள பழைய ஆள், "கடைசிப் பல்லுக்கு வெள்ளிதான் நிக்கும்" என்கிறார். வீட்டில் மனைவியோ எதையோ படித்துவிட்டு "தெரிஞ்சே விஷத்தை வாயில வைப்பீங்களா" என்கிறார். இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் பல் மருத்துவர் இல்லை. ஆனால் என் வாயில் ஆறு அடைப்பு இருக்கிறது, அதில் ஒன்று ரூட் கெனாலில் போய் முடிந்தது, அந்த நாற்காலியில் படுத்துக்கொண்டு கேட்ட கேள்விகளும் வீட்டுக்கு வந்து படித்தவையும் கொஞ்சம் சேர்ந்திருக்கின்றன.

எதை வைத்து அளப்பது

பெரும்பாலானவர்கள் இரண்டை மட்டும் பார்க்கிறார்கள்: பாதரசம் இருக்கிறதா, பல் நிறத்தில் இருக்கிறதா. இரண்டும் பார்க்க வேண்டியவைதான், ஆனால் பத்து வருடம் கழித்து நம்மை மறுபடி அந்த நாற்காலிக்கு இழுப்பவை வேறு. அடைப்பதற்காக நல்ல பல் எவ்வளவு போகிறது? மெல்லும் அழுத்தத்தை எத்தனை வருடம் தாங்கும்? அடைக்கும்போது அந்த இடத்தை எச்சில் படாமல் வைக்க முடியுமா? (இதை யாருமே கேட்பதில்லை, எனக்கு இதுதான் முதல் கேள்வி.) அடைப்பு தோற்றுப்போனால் எப்படித் தோற்கும், சத்தம் போட்டா, சத்தமில்லாமல் அடியில் சொத்தை பரவியா? கடைசியாகச் செலவு. இன்றைக்குக் கொடுப்பதை மட்டும் கணக்குப் போடாதீர்கள், அது கெட்டால் வரும் அடுத்த செலவையும் சேருங்கள்.

வெள்ளி அடைப்பு

வெள்ளி என்று சொல்கிறோமே தவிர, அதில் எடைக்குச் சரிபாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த தூள். எனக்கு முதல் அடைப்பு 1998இல். அப்போது உதவியாளர் ஒரு சின்னக் கல்வத்தில் தூளையும் பாதரசத்தையும் போட்டு அரைத்து, துணியில் சுற்றிப் பிழிந்தார். துணியின் மறுபக்கம் பளபளவென்று ஒரு முத்து எட்டிப்பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அதைப் பல்லுக்குள் வைத்து அழுத்தும்போது மணலை மிதித்ததுபோல் கரகரவென்று ஒரு சத்தம் மண்டைக்குள் கேட்கும். இப்போதெல்லாம் அளந்து அடைத்த கேப்சூல் வந்துவிட்டது, இயந்திரம் குலுக்கிக் கொடுத்துவிடும். கையால் அரைத்த காலத்தில் உண்மையான ஆபத்து நோயாளிக்கு இருந்ததைவிட அந்த உதவியாளருக்கு அதிகம்.

இனி அந்த விஷக் கேள்வி. பாதரசத்தை நாம் இரண்டு உருவத்தில் கேள்விப்பட்டிருக்கிறோம். ஜப்பானின் மினமாட்டாவில் தொழிற்சாலைக் கழிவு கடலில் கலந்து, மீன் வழியாக மனிதர்களைத் தாக்கியது மெதில் பாதரசம். இன்றும் சுறா மாதிரிப் பெரிய மீன்களைக் கர்ப்பிணிகள் குறைத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான். பல்லில் இருப்பது அந்த வகை இல்லை, உலோகப் பாதரசம். இதை விழுங்கினால் குடலில் அநேகமாக ஒட்டாது, அதனால் அடைப்பின் துண்டு உடைந்து சாதத்தோடு உள்ளே போய்விட்டால் பதற வேண்டியதில்லை. ஆனால் இதன் ஆவியை மூச்சில் இழுத்தால் கிட்டத்தட்ட 80 சதவீதம் உடம்பில் சேர்ந்துவிடும். அடைப்பிலிருந்து ஆவி கொஞ்சம் வரத்தான் செய்கிறது, மெல்லும்போதும் பல் தேய்க்கும்போதும் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும்போதும் கூடுதலாக. பெரும்பாலானவர்களுக்கு அது நாளுக்குச் சில மைக்ரோகிராம் அளவில்தான் இருக்கிறது.

அந்தச் சில மைக்ரோகிராம் கெடுதல் செய்கிறதா என்று பார்க்கக் குழந்தைகளிடம் நடத்திய இரண்டு பெரிய ஆய்வுகள் 2006இல் வெளிவந்தன. ஒன்று அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 534 குழந்தைகளோடு 5 வருடம், இன்னொன்று போர்ச்சுகலின் லிஸ்பனில் 507 குழந்தைகளோடு 7 வருடம். பாதிப் பேருக்கு வெள்ளி, பாதிப் பேருக்குப் பல் நிற அடைப்பு. வெள்ளி அடைத்தவர்களின் சிறுநீரில் பாதரசம் கூடுதலாக இருந்தது உண்மை, ஆனால் அறிவுத்திறனிலும் நினைவாற்றலிலும் இரண்டு குழுக்களுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

"அப்புறம் ஏன் தடை செய்கிறார்கள்?" என்று அந்தத் தம்பி மடக்கினார். நியாயமான கேள்விதான். நார்வே 2008இலும் சுவீடன் 2009இலும் நிறுத்திவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் தடை போட்டு, 2025 ஜனவரியிலிருந்து மருத்துவக் காரணம் இருந்தாலொழிய யாருக்கும் கூடாது என்றது. பாதரசத்துக்கான மினமாட்டா ஒப்பந்தத்தில் இந்தியா 2018இல் இணைந்தது, அந்த ஒப்பந்த நாடுகள் 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடி 2034க்குள் பல் அடைப்பில் பாதரசத்தை நிறுத்துவதாக முடிவெடுத்திருக்கின்றன. இதிலெல்லாம் பெரிய காரணம் சுற்றுச்சூழல். கிளினிக்கில் சுரண்டி எடுத்தது சாக்கடைக்குப் போகிறது, அங்கிருந்து ஆற்றுக்கும் மீனுக்கும் போகிறது. நம்மைப்போல் இறந்தவர்களை எரிக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொன்றும் உண்டு, சிதையின் சூட்டில் பல்லிலிருக்கும் பாதரசம் முழுக்க ஆவியாகிப் போய்விடும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலைக் கதை தெரிந்த தமிழர்களுக்கு, கொட்டிய பாதரசத்தைத் திரும்ப அள்ளுவது எவ்வளவு பெரிய பாடு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதற்காக உடம்புக்கு யாருக்குமே பிரச்சினை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 செப்டம்பரில் ஒரு பட்டியல் கொடுத்தது: கர்ப்பிணிகள், கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் (குறிப்பாக 6 வயதுக்குட்பட்டவர்கள்), பார்கின்சன், அல்சைமர் போன்ற நரம்பு நோய் உள்ளவர்கள், சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்கள், இந்த உலோகங்களுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள். இவர்கள் புதிதாக வெள்ளி அடைக்காமல் இருப்பது நல்லது என்கிறது. நம் ஊரில் சர்க்கரை நோயால் சிறுநீரகம் அடிவாங்கியவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் இந்தப் பட்டியல் அவ்வளவு சின்னது இல்லை.

பாதரசத்தைத் தள்ளிவைத்தாலும் வெள்ளிக்கு வேறு குறைகள் உண்டு, என்னைக் கேட்டால் அவைதான் அன்றாடம் கடிப்பவை. இது பல்லோடு ஒட்டாது, பொந்துக்குள் மாட்டிக்கொண்டுதான் நிற்கும். அதனால் உள்ளே அகலமாக, வாயில் குறுகலாகப் பள்ளம் எடுக்க வேண்டும், அதற்கு நல்ல பல்லையும் சேர்த்துக் குடைய வேண்டும். வருடக்கணக்கில் ஆப்பு மாதிரி உள்ளே உட்கார்ந்திருக்க, சுற்றியிருக்கும் மெல்லிய சுவர் ஒருநாள் தட்டையையோ கொட்டைப்பாக்கையோ கடிக்கும்போது படக்கென்று விரியும். என் ரூட் கெனால் அப்படி வந்ததுதான், அடைப்பு அப்படியே இருந்தது, பல்தான் பிளந்தது. சாக்லேட் ஜிகினாத் தாள் பட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கும். புதிதில் ஐஸ் தண்ணீர் பட்டால் கூசும். ஈறில் நீலக்கறுப்பாய் ஒரு தழும்பு விழலாம். சிலருக்கு அடைப்பு உரசும் கன்னத்துக்குள் வெள்ளைக் கோடுகளாகப் புண் வரும், அப்படி வந்தால் அந்த அடைப்பை எடுக்க அது நல்ல காரணம்.

நல்ல பக்கம் என்னவென்றால், 10, 15 வருடம் சாதாரணமாக ஓடும், பெரியம்மாவுடையதுபோல் முப்பதும் ஓடும். லேசாக எச்சில் பட்டாலும் மன்னித்துவிடும். கை வேகம் உள்ளவர் சீக்கிரம் முடித்துவிடுவார். கடைசிப் பல், ஈறுக்குக் கீழே இறங்கிய சொத்தை, நாக்கையும் எச்சிலையும் கட்டுப்படுத்த முடியாத நோயாளி, திரும்பத் திரும்ப வர முடியாதவர், இந்த நான்கு இடத்தில் அந்தப் பழைய டாக்டர் சொன்னது இன்றைக்கும் தப்பில்லை.

லைட் க்யூர், அதாவது பல் நிற அடைப்பு

ஒருவகைப் பிசினில் நுண்ணிய கண்ணாடித் துகள் கலந்த குழைவு. கொஞ்சம் கொஞ்சமாக, 2 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு அடுக்கு வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக்குவார்கள். பல்லோடு ஒட்டுவதால் சொத்தையை மட்டும் சுரண்டினால் போதும், நல்ல பல் பிழைக்கிறது. இது சாதாரண லாபம் இல்லை. இருபது வயதில் வரும் சின்னச் சொத்தைக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

சிக்கல் அந்த ஒட்டுவதில்தான். பசை பிடிக்கும் அந்தச் சில நிமிடம் பல் காய்ந்திருக்க வேண்டும். எச்சில் ஒரு துளி பட்டாலும் ஒட்டியதுபோல் தெரியும், ஒட்டியிருக்காது. அதற்குத்தான் பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டுவார்கள், ரப்பர் டேம் என்பார்கள். நான் பார்த்தவரையில் பல இடங்களில் இரண்டு பஞ்சுச் சுருளைச் செருகிவிட்டு "வாயை மூடாதீங்க" என்று சொல்வதோடு சரி. அதோடு, இந்தப் பிசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். அவசரமாக ஒரே அடியாக வைத்து இறுக்கினால் ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழும், அதற்குள் கிருமி போகும், வெளியே பல் அழகாக இருக்க அடியில் சொத்தை பரவும். காக்ரேன் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கடைவாய்ப் பற்களில் இது தோற்கும் வாய்ப்பு வெள்ளியைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று வந்தது, முக்கியக் காரணம் அடியில் வரும் மறுசொத்தை. அதில் பல ஆய்வுகள் பழைய காலத்துப் பசையை வைத்துச் செய்தவை, இன்றைக்கு நிலைமை மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் வேலை செய்பவரின் கைதான் பாதி என்பது மாறவில்லை.

மறைந்த செலவு இங்கேதான். ஒரு அடைப்பு ஆறு, ஏழு வருடத்தில் கெட்டு, மறுபடி குடைந்து, இன்னும் பெரிதாய் அடைத்து, அது நரம்பைத் தொட்டு, ரூட் கெனால், அதன் மேல் கேப் என்று போனால் முதலில் மிச்சம் பிடித்த பல்லும் பணமும் ஒன்றாகக் கரையும். முதல் சில வாரம் கடிக்கும்போது ஒரு கூச்சம் வரலாம், பெரும்பாலும் தானே அடங்கும். மஞ்சளும் ஃபில்டர் காபியும் வெற்றிலையும் நிறத்தை ஏற்றும். "இதிலும் கெமிக்கல்தானே" என்பவர்களுக்கு, ஆமாம், பிஸ்ஃபீனால் ஏ என்ற பொருள் மிக மிகக் குறைந்த அளவில், அதுவும் பெரும்பாலும் அடைத்த புதிதில் கசியும். முடிந்ததும் மேற்பரப்பைத் துடைத்து வாய் கொப்பளித்தால் அதுவும் குறையும்.

எங்கே சிறந்தது: முன்பற்கள் என்றால் பேச்சே இல்லை. சின்ன, நடுத்தரச் சொத்தைகள். மேலே எஃப்.டி.ஏ. பட்டியலில் வருபவர்கள். ரப்பர் டேம் மாட்டி, அவசரப்படாமல் முக்கால் மணி நேரம் ஒதுக்கும் டாக்டர் கிடைத்தால் கடைவாய்க்கும்.

சிமெண்ட், அதாவது கண்ணாடி அயனோமர்

டாக்டர்கள் ஜி.ஐ.சி. என்பார்கள், ஜனங்கள் சிமெண்ட் என்பார்கள். பல்லோடு ரசாயனமாகவே ஒட்டும், ஃபுளோரைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், கொஞ்சம் ஈரத்தைப் பொறுக்கும், விலையும் குறைவு. பலம்தான் கம்மி, முறுக்கு கடிக்கும் இடத்தில் தேய்ந்துபோகும். பால்பல், அழுத்தித் தேய்த்து ஈறு ஓரம் பள்ளம் விழுந்த பல், வாய் வறண்டு வேரில் சொத்தை பிடித்த வயதானவர்கள், இவர்களுக்கு நல்லது.

ஒரு எச்சரிக்கை. கிராம்பு வாசனை அடிக்கும் வெள்ளைச் சிமெண்ட் வேறு, அது தற்காலிகம். வலி நின்றுவிட்டதே என்று அதோடு ஆறு மாதம் சுற்றித் திரிந்து பல்லையே இழந்தவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு.

தங்கம், செராமிக், கேப்

பல்லின் பாதிக்கு மேல் போய்விட்டால் அடைப்பு எதுவானாலும் ஒட்டுப் போட்ட குடம்தான். அளவெடுத்து வெளியே செய்து ஒட்டும் செராமிக் துண்டோ முழு கேப்போதான் அங்கே சரி. தங்கம் மிக நீண்ட நாள் உழைக்கும், ஆனால் இன்றைய பவுன் விலையில் அதைப் பல்லில் வைக்க யாருக்கு மனசு வரும்.

| | வெள்ளி | லைட் க்யூர் | சிமெண்ட் |
|---|---|---|---|
| நல்ல பல் இழப்பு | அதிகம் | குறைவு | குறைவு |
| கடைவாயில் ஆயுள் | 10–15 வருடம், மேலும் | 7–10 வருடம், கையைப் பொறுத்து | குறைவு |
| எச்சில் பட்டால் | பெரிதாகப் பாதிக்காது | கெட்டது | ஓரளவு தாங்கும் |
| தோற்கும் விதம் | பல் விரிசல் | அடியில் சொத்தை | தேய்மானம் |
| கர்ப்பிணி, குழந்தை | தவிர்க்கலாம் | சரி | சரி |

விலையைப் பட்டியலில் போடவில்லை, அது ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறும். கையைக் கடித்தால் சென்னையிலோ கடலூர் மாவட்டத்திலோ இருக்கும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளை மறந்துவிடாதீர்கள். மாணவர்கள் செய்வார்கள், நேரமாகும், ஆனால் பேராசிரியர் வந்து பார்க்காமல் விடமாட்டார்கள்.

ஏற்கெனவே இருக்கும் வெள்ளியை எடுப்பதா

இதுதான் பெரியம்மாவின் கேள்வி, இதில் எனக்குக் குழப்பமே இல்லை. நன்றாக இருக்கும் அடைப்பைப் பாதரசப் பயத்துக்காகத் தோண்டாதீர்கள். எஃப்.டி.ஏ. தன் பட்டியலில் இருப்பவர்களுக்குமே, மருத்துவத் தேவை இல்லாமல் நல்ல அடைப்பை எடுக்கச் சொல்லவில்லை. காரணம் எளிது. சும்மா கிடக்கும் அடைப்பைவிட, டிரில்லால் குடையும் அந்தச் சில நிமிடத்தில்தான் ஆவி அதிகம் கிளம்பும். கூடவே நல்ல பல்லிலும் ஒரு சுற்றுப் போகும், ஆழமான அடைப்பென்றால் நரம்பு விழித்துக்கொள்ளும். கர்ப்பமாக இருக்கும்போதும் பாலூட்டும்போதும் கண்டிப்பாக இந்த வேலையில் இறங்காதீர்கள். "மெட்டல் எடுத்தால் மூட்டுவலி போகும், சோர்வு போகும்" என்று யாராவது சொன்னால் பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

எடுக்க வேண்டிய நேரம் உண்டு: ஓரம் உடைந்திருந்தால், எக்ஸ்ரேயில் அடியில் சொத்தை தெரிந்தால், பல்லில் விரிசல் இருந்தால், பக்கத்துக் கன்னத்தில் அந்தப் புண் வந்தால், ஒவ்வாமை உறுதியானால். அப்போது ரப்பர் டேம் போட்டு, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே, பொடியாக அரைக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுத்து, உறிஞ்சு குழாயைப் பல்லுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்டால் டாக்டர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

பெரியம்மாவை வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போய் எக்ஸ்ரே மட்டும் எடுக்கச் சொன்னேன். இரண்டு அடைப்பு கல்லுப்போல் இருந்தது. மூன்றாவதின் ஓரம் பெயர்ந்து அடியில் கறுப்பு தெரிந்தது, அதை மட்டும் எடுத்து லைட் க்யூர் வைத்தார்கள், ஒன்றே முக்கால் மணி நேரம். ஆபீஸ் தம்பிக்கு இரண்டு பக்கச் சுவரும் போயிருந்ததால் வெள்ளியும் வேண்டாம் பல் நிறமும் வேண்டாம், கேப்தான் என்று ஆகிவிட்டது, வீட்டுச் சண்டை அங்கேயே முடிந்தது. பெரியம்மாதான் இன்னும் விடவில்லை. நேற்று மறுபடி போன். "ஏன்டா, புதுசா வச்சது பக்கத்துப் பல்லைவிட வெள்ளையா இருக்கே, அதைக் கொஞ்சம் மங்கலாக்க முடியாதா?" காபி குடியுங்கள், தானே சரியாகிவிடும் என்றேன்.